ஐரோப்பிய வட்டாரங்களில் எது பின்தங்கியது? கணக்கிட்டுப் பார்க்கும் முறை

நாட்டுச் சராசரியை வைத்து ஆரம்பிக்காதீர்கள். ஐரோப்பிய ஒன்றியம் வட்டார நிதியைப் பங்கிடுவது, புள்ளிவிவரத்துக்காக அது வகுத்துள்ள நட்ஸ் என்ற வட்டாரப் பிரிவின் இரண்டாம் நிலையான நட்ஸ் 2 எல்லைகளை வைத்துத்தான். பொதுவாக 8 லட்சம் முதல் 30 லட்சம் பேர் வரை வாழும் பகுதி அது.

ஒன்றியத்தின் புள்ளிவிவர அலுவலகமான யூரோஸ்டாட்டில் நட்ஸ் 2 தலைக்கு ஜிடிபி அட்டவணையைத் திறந்ததும் அலகைப் பாருங்கள். வாங்கும் திறன் அலகான பிபிஎஸ்ஸில் எடுங்கள். யூரோவில் எடுத்தால் விலைவாசி குறைந்த வட்டாரங்கள் உள்ளதைவிட ஏழையாகத் தெரியும். 2021–2027 காலத்துக்கான வகைப்பாட்டில் 2015, 2016, 2017 மூன்றாண்டுச் சராசரியை 27 நாடுகளின் சராசரியோடு ஒப்பிட்டார்கள். 75 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பின்தங்கியது, 75 முதல் 100 வரை இடைநிலை, அதற்கு மேல் வளர்ந்தது. ஓராண்டு எண்ணை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் எல்லையோரத்தில் இருப்பவை இடம் மாறிவிடும்.

அடுத்து எல்லைக்கோடு. பெரும்பாலான தவறுகள் இங்கேதான் நடக்கின்றன. ஹங்கேரியில் புடாபெஸ்ட்டும் அதைச் சுற்றியுள்ள பெஸ்ட் மாவட்டமும் முன்பு ஒரே வட்டாரம். தலைநகரின் உற்பத்தி சராசரியைத் தூக்கிவிட, பெஸ்ட்டின் சிற்றூர்களும் 2014–2020இல் வளர்ந்த கணக்கில் சேர்ந்தன. 2018இல் எல்லை பிரிந்ததால், இப்போது புடாபெஸ்ட் வளர்ந்தது, பெஸ்ட் பின்தங்கியது. ஆகவே ஆண்டுகளை ஒப்பிடும்போது இரண்டு பக்கமும் ஒரே நட்ஸ் பதிப்புதானா என்று பார்த்துவிடுங்கள்.

எல்லை சரியாக இருந்தாலும் தலைக்கு ஜிடிபி மட்டும் போதாது. பெஸ்ட்டிலிருந்து தினமும் புடாபெஸ்ட்டுக்கு வேலைக்குப் போகிறவரின் உற்பத்தி தலைநகரில் பதிவாகிறது, அவரோ பெஸ்ட்டில் எண்ணப்படுகிறார். லக்சம்பர்க்கின் எண் அவ்வளவு உயர்ந்து நிற்பதற்கும் எல்லை தாண்டி வரும் தொழிலாளர்கள் ஒரு முக்கியக் காரணம். அயர்லாந்தின் தென்பகுதியில் பன்னாட்டு நிறுவனங்களின் லாபம் ஜிடிபியை ஊதிவிடுகிறது. மக்கள் கையில் உண்மையில் என்ன இருக்கிறது என்று தெரிய, குடும்பங்களின் செலவிடத்தக்க வருமான அட்டவணையைப் பக்கத்தில் வைத்தே தீரவேண்டும்.

இனி பணம். செலவில் ஒன்றியம் தரும் பங்குக்கு உச்சவரம்பு பொதுவாகப் பின்தங்கியவற்றில் 85 சதவீதம், இடைநிலையில் 60, வளர்ந்தவற்றில் 40. வகை மாறிய சில வட்டாரங்களுக்கு மட்டும் சற்றுக் கூடுதல். முழு உச்சவரம்பும் கிடைத்தால் 20 லட்சம் யூரோ திட்டத்துக்கு உள்நாட்டுப் பங்கு 3 லட்சம், 8 லட்சம், 12 லட்சம் என்று விரியும். இந்த வரம்பு நிதித்திட்டத்தின் முன்னுரிமைப் பிரிவுக்கானது, தனித்தனித் திட்டத்துக்கு அல்ல. உங்கள் திட்டத்துக்கு என்ன விகிதம் என்பதை விண்ணப்ப அறிவிப்பில் பாருங்கள். பெரும்பாலும் முதலில் கைக்காசைப் போட்டுச் செலவழித்து, ரசீது காட்டித்தான் திரும்பப் பெற வேண்டும். சிறிய நகராட்சிகள் திணறுவது இதில்தான். மொத்தச் செலவு 50 லட்சம் யூரோவுக்குக் கீழே இருந்தால் மதிப்புக்கூட்டு வரியையும் கணக்கில் சேர்க்கலாம்.