அழுத்தியதும் மறைந்துவிடும் கோட் எடிட்டர்: குறைகின்ற நூலகத்தைக் கண்டுபிடித்துச் சேர்க்கும் முறை

“சேர், அழுத்தினால் வட்டம் ஒருக்காச் சுத்துது, பிறகு ஒண்டுமில்லை. மூண்டு தரம் அழிச்சுப் போட்டும் பார்த்திட்டன்.” மூதூரிலிருந்து உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம் படிக்கும் மாணவர் ஒருவர் தொலைபேசியில் இவ்வாறு சொன்னபோது, அவருடைய எடிட்டரில் பிழை இருக்காது, அது இரவல் கேட்கும் ஏதோ ஒரு கோப்புத்தான் கணினியில் இல்லை என்று ஊகிக்க முடிந்தது. 2009ஆம் ஆண்டு கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்ட பின்னர் மூதூருக்கும் திருகோணமலை நகரிலுள்ள உவர்மலைக்கும் இடையிலான பயணம் இலகுவாகிவிட்டது என்றாலும், ஒரு சிறு கோப்புக்காக மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு பேருந்து ஏறத் தேவையில்லை. தொலைபேசியில் அவருக்குச் சொல்லிக்கொடுத்த அதே ஒழுங்கில், தொடக்க நிலையில் இருப்போருக்காக இங்கே எழுதுகிறேன்.

எடுத்துக்காட்டு, உபுண்டு லினக்ஸ் பணிசெயல் முறைமையில் இயங்கும் விஷுவல் ஸ்டூடியோ கோட் என்ற, நிரல் எழுதும் எடிட்டர் ஆகும். கட்டளைகளை வாயால் சொல்லும் ஒலிப்பிலேயே தந்திருக்கிறேன். தட்டச்சிடும்போது, நான் வேறுவிதமாகச் சொல்லும் இடங்களைத் தவிர, ஆங்கிலச் சிற்றெழுத்துகளையே பயன்படுத்த வேண்டும். “சூடோ” என்பது எஸ், யூ, டி, ஓ ஆகும்; ஒரு கட்டளையை நிர்வாகி உரிமையுடன் ஓட்டுவதற்கானது. “ஆப்ட்” என்பது ஏ, பி, டி ஆகும்; பொதிகளை, அதாவது நிறுவுவதற்காகக் கட்டித் தரப்படும் மென்பொருள் தொகுப்புகளை, கொண்டுவந்து சேர்க்கும் கட்டளை அது. “லிப்” என்று தொடங்கும் பெயர்களெல்லாம் எல், ஐ, பி என்று தொடங்கும்.

எதனால் இப்படி நடக்கிறது?

நூலகம் என்றதும் மாணவர்களுக்குப் புத்தகம் இரவல் எடுக்கும் இடமே நினைவுக்கு வருகிறது. இங்கும் அந்த நினைப்புப் பொருந்தும். ஒரு மென்பொருள் தனக்குத் தேவையான எல்லாவற்றையும் தானே சுமந்து வருவதில்லை. சாளரம் வரைதல், ஒலி எழுப்புதல், பாதுகாப்பான இணைய இணைப்பை ஏற்படுத்துதல் போன்ற வேலைகளுக்கான நிரல்கள் பணிசெயல் முறைமையில் பொதுவாக வைக்கப்பட்டிருக்கின்றன. அவற்றைப் பகிரப்பட்ட நூலகங்கள் என்கிறோம். லினக்ஸில் அவற்றின் பெயரில் “புள்ளி எஸ்ஓ” என்ற பகுதி இருக்கும். மென்பொருளைத் திறந்தவுடன் ஏற்றி எனப்படும் சிறு நிரல் ஒன்று முதலில் ஓடி, தேவையான நூலகங்களைத் தேடி நினைவகத்தில் வைக்கிறது. அவற்றுள் ஒன்று கிடைக்காவிட்டாலும் மென்பொருளின் முதல் வரிகூட ஓடாது. ஆகவே பிழைச் செய்தியைக் காட்டும் சாளரத்தைத் திறப்பதற்குக்கூட அந்த எடிட்டருக்கு வாய்ப்பில்லாமல் போகிறது.

வெறும் எழுத்துகளைத் தட்டச்சிடும் கருவிக்கு ஒலி நூலகம் எதற்கு என்று பலர் கேட்பதுண்டு. இந்த எடிட்டர் எலெக்ட்ரான் என்ற சட்டகத்தின்மேல் கட்டப்பட்டது. எலெக்ட்ரானுக்குள் குரோமியம் உலாவியின் இயந்திரம் இருக்கிறது. உலாவிக்கு வேண்டிய ஒலி, வரைகலை, மறையாக்க நூலகங்கள் யாவும் எடிட்டருக்கும் வேண்டியவையாகிவிடுவது அதனால்தான்.

முதற்படி: செய்தியை வரவழைத்தல்

எடிட்டரை அழித்துவிட்டு மீண்டும் தரவிறக்குவதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது. ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 100 மெகாபைற்று டேட்டா செலவாகுமே தவிர, அதே பொதி அதே குறையுடன்தான் வந்து உட்காரும். அதைத் தவிர்த்து, கண்ட்ரோல், ஆல்ட், டி ஆகிய மூன்று விசைகளையும் ஒன்றாக அழுத்தி, கட்டளைகளைத் தட்டச்சிடும் சாளரமான டெர்மினலைத் திறந்து, “கோட்” என்று (சி, ஓ, டி, ஈ) தட்டச்சிட்டு என்டர் விசையை அழுத்துங்கள். அப்படி ஒரு கட்டளையே இல்லை என்று பதில் வந்தால் பயப்பட வேண்டாம். அதுவும் ஒரு தடயம்தான் என்பதைப் பின்னர் சொல்கிறேன். அப்போது முழுப் பாதையையும் கொடுக்க வேண்டும்: சாய்கோடு, யூஎஸ்ஆர், சாய்கோடு, ஷெயார், சாய்கோடு, கோட், சாய்கோடு, கோட். இங்கே யூஎஸ்ஆர் என்பது யூ, எஸ், ஆர் என்ற மூன்று எழுத்துகள் மட்டுமே.

இப்போது திரையில் ஏதாவது ஒரு வரி வரும். அந்த வரி எந்த வகையைச் சேர்ந்தது என்பதைப் பொறுத்தே அடுத்த படி அமையும். பகிரப்பட்ட நூலகங்களை ஏற்றும்போது பிழை ஏற்பட்டது என்று தொடங்கி, ஒரு கோப்பின் பெயரைச் சொல்லி, அப்படி ஒரு கோப்போ கோப்புறையோ இல்லை என்று முடிந்தால், நூலகம் முற்றாக இல்லை என்று பொருள். லினக்ஸின் அடிப்படை நூலகமான “ஜிலிப்சி”யின் பெயரைப் பெரிய எழுத்தில் காட்டி, அதனுடன் ஒரு பதிப்பெண்ணையும் தந்து, அந்தப் பதிப்புக் கிடைக்கவில்லை என்று சொன்னால், நூலகம் இருக்கிறது, ஆனால் பழையது என்று பொருள். “செக்மென்டேஷன் போல்ட்” என்று மட்டும் வந்தாலோ, சாளரம் திறந்து வெறுமையாக நின்றுவிட்டாலோ, சிக்கல் வரைகலை அட்டையின் பக்கம் இருக்கக்கூடும். அதற்குக் கட்டளையின் பின்னால் இடைவெளி விட்டு, இரண்டு சிறுகோடுகளுடன் “டிசேபிள்-ஜிபியூ” என்று சேர்த்துத் திறந்து பார்க்கலாம். இந்த விளக்கம் முதல் இரண்டு வகைகளைப் பற்றியது.

இரண்டாம் படி: குறைவன எல்லாவற்றையும் ஒரே தடவையில் அறிதல்

ஏற்றி தனக்குக் கிடைக்காத முதல் கோப்பைச் சொல்லிவிட்டு நின்றுவிடும். அதை மட்டும் சேர்த்தால், அடுத்த முறை வேறொன்றைச் சொல்லும். இப்படி ஒவ்வொன்றாகத் துரத்திக்கொண்டிருப்பது வீண் அலைச்சல். எல்லாவற்றையும் ஒரே பட்டியலாகக் காட்டுவதற்கு “எல்டிடி” என்ற கட்டளை இருக்கிறது. எல், டி, டி என்று தட்டச்சிட்டு, ஓர் இடைவெளி விட்டு, மேலே சொன்ன முழுப் பாதையையும் கொடுத்தால், எடிட்டர் கேட்கும் நூலகங்கள் வரிசையாக வரும். பட்டியல் நீளமானது. அதில் கிடைக்காதவற்றை மட்டும் பிரித்துக் காட்ட, அதே வரியின் இறுதியில் ஒரு நிலைக்குத்துக் கோட்டை இட்டு, “கிரெப்” என்ற கட்டளையைச் சேர்த்து (ஜி, ஆர், ஈ, பி), மேற்கோள் குறிக்குள் “நாட் பவுண்ட்” என்ற இரண்டு சொற்களையும் எழுதுங்கள்.

இங்கே தொடக்கக்காரர்கள் தவறும் இடம் ஒன்று உண்டு. “கோட்” என்ற கட்டளை உண்மையில் ஓர் உரைக்கோப்பையே சுட்டுகிறது. அந்த உரைக்கோப்புத்தான் உண்மையான எடிட்டரை எழுப்புகிறது. “எல்டிடி”யிடம் அந்த உரைக்கோப்பைக் கொடுத்தால், இது அத்தகைய இயங்கு கோப்பே அல்ல என்று சொல்லிவிடும். அதைப் பார்த்து எல்லாம் சரியாக இருக்கிறது என்று முடிவுகட்டிவிடக் கூடாது.

மூதூர் மாணவர் எனக்கு ஐந்து வரிகளை வாசித்துக் காட்டினார்: லிப்என்எஸ்எஸ்3, லிப்என்எஸ்எஸ்யுடில்3, லிப்எஸ்மைம்3, லிப்என்எஸ்பிஆர்4, லிப்அசவுண்ட். ஐந்து கோப்புகள் குறைகின்றன என்று அவர் கலங்கிப்போனார். ஆனால் முதல் மூன்றும் மொசில்லாவின் மறையாக்க நூலகத் தொகுதியைச் சேர்ந்தவை. ஒரே பொதியில் வருகின்றன. நான்காவது அந்தப் பொதி தானாகவே இழுத்துக்கொண்டு வரும் துணைப்பொதி. ஆகவே அவருக்குத் தேவைப்பட்டவை இரண்டு பொதிகள் மட்டுமே.

மூன்றாம் படி: உரிய பொதியைச் சேர்த்தல்

முதலில் “சூடோ ஆப்ட் அப்டேட்” என்று கொடுத்துப் பொதிகளின் பட்டியலைப் புதுப்பிக்க வேண்டும். அதன் பின்னர் “சூடோ ஆப்ட்” என்று எழுதி, இடைவெளி விட்டு, இரண்டு சிறுகோடுகளுடன் “பிக்ஸ்-புரோக்கன்” என்று சேர்த்து, இறுதியில் “இன்ஸ்டால்” என்று கொடுங்கள். இந்தக் கட்டளை பாதியில் நின்றுபோன நிறுவலை ஆராய்ந்து, விடுபட்ட பொதிகளைத் தானே கொண்டுவந்து சேர்க்கும். ஆனால் “ஒய்” என்று சம்மதம் தெரிவிக்கும் முன்னர் திரையில் உள்ளதை நிதானமாக வாசியுங்கள். தேவையான பொதி கிடைக்காத வேளையில் எடிட்டரையே நீக்கிவிடலாமா என்றும் அது கேட்கக்கூடும்.

பாதியில் நின்ற நிறுவல் என்றேனே, அது எப்படி உண்டாகிறது? பழைய மடிக்கணினிகளில் நினைவகத்தை மிச்சப்படுத்துவதற்காகச் சிலர் மிகச் சிறிய உபுண்டு நிறுவலைச் செய்து, பென் டிரைவில் இருக்கும் “டெப்” கோப்பை (உபுண்டுவுக்கான பொதிக் கோப்பை) “டிபிகேஜி” என்ற கட்டளையால் போட்டுக்கொடுக்கிறார்கள். அந்தக் கட்டளை கோப்புகளை விரித்து வைக்கும். துணைப்பொதிகளைத் தேடிக் கொண்டுவராது. சார்புச் சிக்கல் இருப்பதால் அமைவை முடிக்காமல் விடுகிறேன் என்று ஒரு வரி சொல்லிவிட்டு நின்றுவிடும். அதற்குள் பட்டியலில் எடிட்டரின் படம் வந்துவிடுவதால், போட்டவரும் வேலை முடிந்ததென்று நினைத்துவிடுகிறார். “கோட்” என்ற கட்டளை அமைவின் இறுதிக் கட்டத்தில்தான் உருவாகிறது. அப்படி ஒரு கட்டளையே இல்லை என்ற பதில் ஒரு தடயம் என்று முன்னர் சொன்னதன் காரணம் இதுதான். இனிமேல் டெப் கோப்பைப் போடும்போது “சூடோ ஆப்ட் இன்ஸ்டால்” என்று எழுதி, ஒரு புள்ளியும் ஒரு சாய்கோடும் இட்டு, இடைவெளி விடாமல் கோப்பின் பெயரைக் கொடுங்கள். அந்தப் புள்ளியும் சாய்கோடும் இல்லாவிட்டால், ஆப்ட் அதை இணையத்தில் உள்ள பொதியின் பெயர் என்று எண்ணித் தேடப்போய்விடும்.

மேற்சொன்ன கட்டளை எதையும் சரிசெய்யாவிட்டால் பொதியின் பெயரை நேரடியாகக் கொடுக்கலாம். “சூடோ ஆப்ட் இன்ஸ்டால் லிப்என்எஸ்எஸ்3” என்பது போதும். வரைகலைக்குரிய லிப்ஜிபிஎம் கோப்பு, லிப்ஜிபிஎம்1 என்ற பொதியில் இருக்கிறது. ஒலிக்குரிய லிப்அசவுண்ட் கோப்பு, லிப்அசவுண்ட்2 என்ற பொதியில் இருக்கிறது. ஆனால் உபுண்டு 24.04 பதிப்பில் கடைசியாகச் சொன்ன பெயரைக் கொடுத்தால், நிறுவுவதற்கு அப்படி ஒன்று இல்லை என்று மறுத்துவிடும். அங்கே பெயரின் பின்னால் “டி64” என்று சேர்த்து லிப்அசவுண்ட்2டி64 என்று எழுத வேண்டும். 32 பிற்று எண்ணில் விநாடிகளை எண்ணும் கணினிகளின் கடிகாரம் 2038 ஜனவரி 19 அன்று நிரம்பி வழிந்துவிடும் என்பதால், நேரத்தை 64 பிற்றுக்கு மாற்றியபோது பல பொதிகளின் பெயர்கள் இவ்வாறு மாறின. பழைய விளக்கங்களைப் பார்த்து அப்படியே தட்டச்சிடுவோர் இங்கேதான் அகப்பட்டுக்கொள்கிறார்கள்.

நண்பரின் கணினியிலிருந்து அந்த ஒரு கோப்பை மட்டும் பென் டிரைவில் பிரதிசெய்து கொண்டுவந்தால் என்ன என்று என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். வேண்டாம். அது வேறு பதிப்பாக இருக்கலாம். 32 பிற்றுக் கோப்பாக இருந்தால் வகுப்புத் தவறானது என்ற புதிய பிழை ஒன்று முளைக்கும். அடுத்த புதுப்பிப்பின்போது அந்தக் கோப்பு யாருடையது என்று ஆப்டுக்கும் தெரியாது. விண்டோஸில் “விசிரன்டைம்140” என்ற டிஎல்எல் கோப்பு இல்லை என்று வரும்போதும் இதே விதிதான்: தனிக்கோப்பாகத் தரும் தளங்களை நாடாமல், மைக்ரோசொப்ட் தளத்தில் உள்ள விஷுவல் சி பிளஸ் பிளஸ் மறுவிநியோகப் பொதியை முழுமையாகப் போடுங்கள்.

நான்காம் படி: நூலகம் பழையதாக இருந்தால்

இது சற்றுக் கடினமான நிலை. “எல்டிடி” என்று எழுதி, இரண்டு சிறுகோடுகளுடன் “வெர்ஷன்” என்று கொடுத்தால், முதல் வரியின் இறுதியில் உங்கள் ஜிலிப்சி நூலகத்தின் பதிப்பெண் தெரியும். உபுண்டு 18.04 இல் அது 2.27 ஆகவும், 20.04 இல் 2.31 ஆகவும், 22.04 இல் 2.35 ஆகவும், 24.04 இல் 2.39 ஆகவும் இருக்கும். விஷுவல் ஸ்டூடியோ கோட் 1.86 பதிப்பிலிருந்து குறைந்தது 2.28 தேவைப்படுகிறது. ஆகவே 18.04 இல் நேற்றுவரை ஓடிய எடிட்டர், புதுப்பித்த மறுநாளே திறக்க மறுப்பதில் வியப்பில்லை.

இந்த ஒரு நூலகத்தை மட்டும் புதியதாக மாற்றிவிடலாம் என்று முயலவே கூடாது. கோப்புகளைப் பட்டியலிடும் சிறு கட்டளையிலிருந்து சூடோ வரைக்கும் ஏறக்குறைய எல்லாமே அதன்மேல்தான் நிற்கின்றன. அது குலைந்தால், குலைந்ததைத் திருத்தும் கட்டளையும் ஓடாது. கோப்புகளை வேறிடத்தில் பிரதிசெய்து வைத்துக்கொண்டு, பணிசெயல் முறைமையையே புதிய நீண்டகால ஆதரவுப் பதிப்புக்கு மாற்றுவதே முறையான வழி. உபுண்டு 18.04க்கான வழமையான ஆதரவு 2023 மே மாதத்திலேயே முடிந்துவிட்டது.

பரீட்சை நெருங்கியிருக்கும் வேளையில் அந்த வேலையைத் தொடங்க முடியாதென்றால், எடிட்டரின் 1.85 பதிப்பைப் போட்டு, “சூடோ ஆப்ட்-மார்க் ஹோல்ட் கோட்” என்ற கட்டளையால் அதைப் புதுப்பிக்க விடாமல் நிறுத்தி வைக்கலாம். பாதுகாப்புத் திருத்தங்களும் அதனுடன் நின்றுவிடும் என்பதால் இதை ஒரு தற்காலிக ஒட்டாகவே கருதுகிறேன். இரண்டு கிகாபைற்று நினைவகம் உள்ள பழைய கணினியாக இருந்தால், உயர்தரப் பாடத்திட்டத்தில் உள்ள பைதன் பயிற்சிகளுக்கு ஜியானி என்ற சிறிய எடிட்டரே தாராளமாகப் போதும் என்பது என் எண்ணம்; மாணவர்களுக்கு இதைச் சொன்னால் முகம் சற்று வாடுகிறது.

கடைசியாக, திருத்தம் பலித்ததா என்று பார்க்க, இரண்டாம் படியில் கொடுத்த “எல்டிடி” வரியை மறுபடியும் ஓட்டுங்கள். எந்தப் பதிலும் வராமல் அடுத்த வரிக்கு வந்துவிட்டால் குறைகின்ற நூலகம் எதுவும் இல்லை. பின்னர் எடிட்டரைத் திறந்து, ஒரு கோப்பைச் சேமித்து, மூடி, மீண்டும் திறந்து பாருங்கள். திறந்தபின் சில விநாடிகளில் மூடிக்கொண்டால், இரண்டு சிறுகோடுகளுடன் “டிசேபிள்-எக்ஸ்டென்ஷன்ஸ்” என்று சேர்த்துத் திறவுங்கள். அப்போது நின்று ஓடினால், குறை நீங்கள் சேர்த்த நீட்சி ஒன்றில் இருக்கிறது.

மூதூர் மாணவருக்கு அந்தக் கடைசிச் சோதனை தேவைப்படவில்லை. இரண்டு மெகாபைற்று அளவில் தரவிறக்கம் முடிந்தது, எடிட்டர் திறந்தது, இனித் தன் பைதன் கோப்பில் ஏன் பிழை காட்டுகிறது என்று அடுத்த கேள்வியைக் கேட்கத் தொடங்கிவிட்டார்.