மானியக் கணக்கில் குறை காட்டும் கடிதம் வந்தால் செய்ய வேண்டியவை

ஏப்ரல் மாதத் தமிழ்மொழி விழா முடிந்து, மேடையும் பதாகைகளும் மறந்துபோன பிறகு, மானியம் வழங்கிய அமைப்பிடமிருந்து "கீழ்க்காணும் செலவுகளுக்கு விளக்கம் தேவை" என்று ஒரு கடிதம் சங்கத்துக்கு வரக்கூடும். சிங்கப்பூரின் தமிழ்ச் சங்கங்கள் பலவற்றில் அதை முதலில் படிப்பவர், பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு இரவில் சங்கக் கணக்கை எழுதும் தொண்டூழியப் பொருளாளர்தான். நான் பொருளாளராக இருந்த காலத்தில் எங்களுக்கும் அப்படி ஒரு கடிதம் வந்தது. அதில் ஏழு குறிப்புகள் இருந்தன. மூன்று வாரக் கெடு கொடுத்திருந்தார்கள். எல்லாவற்றையும் தீர்த்து முடிக்க எங்களுக்கு நான்கு மாதங்கள் ஆயின. முறை தெரிந்திருந்தால் பாதிக் காலத்தில் முடித்திருக்கலாம் என்பதால், அம்முறையை இங்கே எழுதுகிறேன்.

கடிதம் வந்த அன்றே விளக்கம் எழுதக் கூடாது. கடிதம் கிடைத்தது என்றும், செயற்குழு அதை ஆராய்ந்து கெடுவுக்குள் பதில் தரும் என்றும் இரண்டு வரியில் தெரிவித்தால் போதும். தொலைபேசியில் நினைவிலிருந்து சொல்லும் விளக்கம் பிற்பாடு ஆவணத்தோடு முரண்பட்டால், முதலில் இல்லாத ஐயம் அப்போது பிறக்கும். அதே நாளில் செயற்குழு உறுப்பினர் அனைவருக்கும் கடிதத்தின் நகலை அனுப்பிவிட வேண்டும். மற்றவர்களைக் கலவரப்படுத்த வேண்டாம் என்று பொருளாளர் அதைத் தனியே சுமப்பது நல்ல எண்ணத்தால் செய்யப்படும் தவறு, ஏனெனில் பொறுப்பு குழு முழுவதற்கும் உரியது. கெடு போதாது என்று தெரிந்தால், அது முடியும் முன்பே, எத்தனை நாள் வேண்டும், எதற்காக வேண்டும் என்று எழுத்தில் கேட்க வேண்டும்.

இந்தக் கட்டத்தில் வரும் சபலத்தை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். விலைப்புள்ளிகளை ஒப்பிட்டு முடிவெடுத்த கூட்டத்தின் குறிப்பு கோப்பில் இருக்காது. ஒரு கலைஞருக்கு ரொக்கமாகக் கொடுத்த 300 வெள்ளிக்குக் கையொப்பம் இருக்காது. "இப்போது எழுதி, அன்றைய தேதியைப் போட்டுவிடலாமே" என்று யாராவது சொல்வார்கள். எங்கள் குழுவிலும் சொன்னார்கள். அதற்கு ஒருபோதும் இணங்கக் கூடாது. ஆவணம் இல்லாதது நிர்வாகக் குறை, அதை ஒப்புக்கொண்டு திருத்திக்கொள்ளலாம். ஆவணத்தைப் புனைந்தால் அது குற்றமாகிவிடும். மோசடி நோக்கத்தோடு கணக்கைத் திரிப்பதற்கென்று தண்டனைச் சட்டத்தில் 477ஏ என்ற தனிப் பிரிவே இருக்கிறது. நேர்மையான வழி ஒன்று உண்டு: அன்று நடந்தது என்ன, அதை நேரில் அறிந்தவர்கள் யார், ஆவணம் ஏன் இல்லை ஆகியவற்றை விளக்கி, இன்றைய தேதியிட்ட குறிப்பு ஒன்றை எழுதி, அறிந்தவர்களின் கையொப்பத்தோடு இணைக்கலாம். பணம் பெற்ற கலைஞரிடமும் இன்றைய தேதியிலேயே உறுதிக் கடிதம் வாங்கலாம். எங்கள் கலைஞர் அன்று மாலையே எழுதிக் கொடுத்தார். அந்தக் கடிதம் ஏற்கப்பட்டது.

அடுத்து, கடிதத்திலுள்ள குறிப்புகளைப் பிரித்து எண்ணிட வேண்டும். இதற்கு அமெரிக்க நடைமுறை ஒன்று எனக்குப் பெரிதும் உதவியது. அங்கே 1974ஆம் ஆண்டின் வீடமைப்பு, சமூக மேம்பாட்டுச் சட்டத்தின்கீழ் நகரங்களுக்குக் கூட்டரசு மானியம் வழங்கப்படுகிறது. அதைக் கண்காணிக்கும் வீடமைப்பு, நகர்ப்புற மேம்பாட்டுத் துறை தன் அறிக்கையில் விதிமீறலை ஒரு வகையாகவும், இன்னும் மீறல் ஆகாத ஆனால் கவனிக்காவிட்டால் மீறலாகக்கூடிய பலவீனத்தை மற்றொரு வகையாகவும் பிரித்துக் காட்டுகிறது. முதல் வகைக்கு நகரம் திருத்த நடவடிக்கை எடுத்தே ஆக வேண்டும். எங்களுக்கு வந்த கடிதத்தில் இரண்டும் கலந்திருந்தன. ஒவ்வொரு குறிப்புக்கும் எதிரே, மானிய ஒப்பந்தத்தின் எந்த விதியை அது தொடுகிறது என்று எழுதிப் பார்த்தபோது, ஏழில் மூன்றுதான் உண்மையான மீறல்கள் என்று தெரிந்தது. எங்கள் உழைப்பின் பெரும்பகுதியை அந்த மூன்றுக்கே கொடுத்தோம்.

பிறகு கணக்கை வங்கி அறிக்கையிலிருந்து மீண்டும் கட்ட வேண்டும். பொருளாளரின் அட்டவணையிலிருந்து தொடங்கினால், அதிலுள்ள பிழையும் கூடவே வரும். பணம் வெளியேறிய ஒவ்வொரு வரிக்கும் இன்வாய்ஸ், ரசீது, ஒப்புதல் அளித்தவர், மானியத் திட்டத்தில் அது சேரும் தலைப்பு ஆகியவற்றை ஒரே வரிசையில் எழுதிக்கொண்டே போக வேண்டும். தேதிகளைக் கூர்ந்து பார்க்க வேண்டும், ஏனெனில் ஒப்புதல் கடிதத்துக்கு முந்திய செலவைப் பல மானியங்கள் ஏற்பதில்லை. பொருள் சேவை வரிக்குப் பதிந்த சங்கமானால் இன்னொரு பொறி இருக்கிறது: 1,090 வெள்ளி இன்வாய்ஸில் 9 விழுக்காட்டு வரியான 90 வெள்ளியை வரித்துறையிடமிருந்து திரும்பப் பெற்றுவிட்டு, மானியத்திலும் கோரினால் அது இருமுறை கோரியதாகும். விழுக்காட்டு அடிப்படையிலான மானியத்தில் மொத்தத்தையும் சரிபார்க்க வேண்டும். 25,000 வெள்ளித் திட்டத்துக்கு 80 விழுக்காடு, அதாவது 20,000 வெள்ளி ஒப்புதலாகியிருந்து, உண்மையில் 18,000 வெள்ளிதான் செலவானால், கோரத்தக்கது 14,400 வெள்ளி மட்டுமே.

சாப்பாட்டுக் கடையிலும் அச்சகத்திலும் தரும் வெப்பத்தாள் ரசீதுகள் சில மாதங்களில் வெளுத்துவிடும். எங்கள் கோப்பில் பதினொரு வெள்ளைத் துண்டுகள் இருந்தன. அவற்றைத் தூக்கியெறியாமல் வைத்துக்கொண்டு, கடைக்காரரிடம் மறுபிரதி கேட்டோம், ஒன்பது கிடைத்தன.

பணம் சரியாக இருந்தும் குறையாகிவிடும் ஒன்று, உறுப்பினரின் உறவினரிடம் வேலை கொடுப்பது. விலை குறைவாக இருந்தது என்பது பதிலாகாது. உறவு முன்கூட்டியே தெரிவிக்கப்பட்டதா, குழு முடிவெடுத்தபோது அந்த உறுப்பினர் விலகியிருந்தாரா என்றுதான் கேட்பார்கள். தெரிவிக்கவில்லையென்றால் அதை மறைக்காமல் எழுதி, அன்றைய சந்தை விலையைக் காட்டும் வேறு விலைப்புள்ளிகளை இணைக்க வேண்டும்.

ஏற்க முடியாத செலவு என்று உறுதியானால் பணத்தைத் திருப்பித் தர வேண்டியதுதான். எங்கிருந்து தருவது என்பதில் மிகுந்த கவனம் தேவை. மேற்சொன்ன அமெரிக்க மானியத்தில், தவறாகச் செலவிட்ட தொகையை நகரம் கூட்டரசு சாரா நிதியிலிருந்தே ஈடுகட்ட வேண்டும். நாமும் அதையே பின்பற்ற வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. உபகாரச் சம்பளத்துக்கென்று ஒருவர் கொடுத்த நன்கொடையை எடுத்து விழாச் செலவை அடைத்தால், ஒரு குறையைத் தீர்க்க இன்னொரு பெரிய குறையை உண்டாக்கியவர்கள் ஆவோம். கட்டுப்பாடற்ற பொது நிதியிலிருந்து, செயற்குழுத் தீர்மானத்தோடு தர வேண்டும். கையிருப்பு போதாவிட்டால் தவணை கேட்கலாம்.

பதில் கடிதத்தில் ஒவ்வொரு குறிப்பையும் அவர்கள் எழுதிய சொற்களிலேயே எடுத்தெழுதி, அதன்கீழ் நடந்தது, ஆதாரம், திருத்தம், பொறுப்பாளர், முடிக்கும் தேதி ஆகியவற்றைத் தர வேண்டும். "இனிக் கவனமாக இருப்போம்" என்ற வரியால் பயனில்லை. "500 வெள்ளிக்கு மேற்பட்ட ஒவ்வொரு செலவுக்கும் இருவர் ஒப்புதல் தருவர், ரொக்கமாகப் பணம் கொடுப்பதை நிறுத்தி, பேநவ் என்ற மின்னியல் வங்கிப் பரிமாற்றம் மூலம் மட்டுமே செலுத்துவோம்" என்று எழுதினோம், மறுமாதமே அதைச் செயல்படுத்தி, அத்தாட்சியையும் அனுப்பினோம்.

அறநிறுவனமாகப் பதிந்த சங்கங்கள் நிதியாண்டு முடிந்து 6 மாதத்துக்குள் ஆண்டறிக்கையையும் நிதி அறிக்கையையும் அறநிறுவன ஆணையரிடம் சமர்ப்பிக்க வேண்டியிருப்பதால், திருப்பித் தர வேண்டிய தொகை அந்த அறிக்கையில் சரியாக இடம்பெற வேண்டும் என்பதைக் கணக்காய்வாளரிடம் உடனே சொல்லிவிட வேண்டும்.

பதில் ஏற்கப்பட்டது என்று வாய்மொழியாகச் சொன்னாலும் விட்டுவிடாமல், குறிப்புகள் அனைத்தும் முடித்துவைக்கப்பட்டன என்று எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும். அறநிறுவனங்கள் கணக்கு ஆவணங்களைக் குறைந்தது 5 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும்; செயற்குழுவோ அதற்குள் மாறிவிடலாம். ஆகவே அந்தக் கடிதத்தையும் முழுக் கோப்பின் மின்நகலையும் பொருளாளரின் சொந்தக் கணினியில் வைக்காமல், சங்கத்தின் பெயரிலுள்ள சேமிப்பகத்தில் வைத்து, புதிய பொருளாளர் பொறுப்பேற்கும் நாளில் அவரோடு உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாகக் காட்டி ஒப்படைக்க வேண்டும்.