கீசர் வால்வு சொட்டினால் அடைக்காதீர்கள்: அழுத்தமும் சூடும் சேர்ந்து இயங்கும் விதம்

மார்கழி பிறந்ததும் வடசென்னையின் ராயபுரம், தண்டையார்பேட்டை, வியாசர்பாடி வீடுகளில் கீசர் தினமும் ஓடத் தொடங்கும். கூடவே, அதன் அடியிலுள்ள, மிகை அழுத்தத்தை வெளியேற்றும் பாதுகாப்பு வால்வு சொட்டுகிறது என்ற புகாரும் வரும். அந்த வால்வின் வாயை மூடிபோட்டு அடைத்துவிடுவது சில இடங்களில் வழக்கமாகவே இருக்கிறது. இதைவிட ஆபத்தான வேலை குளியலறையில் வேறு இல்லை.

28 டிகிரி செல்சியஸில் இருக்கும் 15 லிட்டர் நீரை 60 டிகிரிக்குச் சூடாக்கினால் அதன் கனஅளவு ஏறத்தாழ 200 மில்லிலிட்டர், அதாவது ஒரு டம்ளர் அளவு, கூடும். குளிர்நீர் வரும் வழியில் நீரைத் திரும்ப விடாத வால்வு இருந்து, சுடுநீர்க் குழாயும் மூடியிருந்தால், அந்த ஒரு டம்ளர் நீர் போக இடமில்லை. நீர் எளிதில் அமுங்காது என்பதால் தொட்டிக்குள் அழுத்தம் விறுவிறுவென ஏறும். பாதுகாப்பு வால்வின் மேல் பொறித்திருக்கும் அளவை, பல கீசர்களில் 8 பாரை (பார் என்பது அழுத்தத்தின் அலகு), அழுத்தம் தாண்டும்போது அந்த வால்வு திறந்து சொட்டுச் சொட்டாக நீரை வெளியேற்றுகிறது. ஆகவே சூடேறும்போது சொட்டி, வெப்பநிலையைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் மின்சாரத்தை நிறுத்திய பின் நின்றுவிட்டால், வால்வு தன் வேலையைச் சரியாகச் செய்கிறது என்றே கொள்ளுங்கள்.

வால்வை அடைத்த நிலையில் தெர்மோஸ்டாட்டும், சூடு எல்லை மீறினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கட்அவுட்டும் பழுதானால் என்ன ஆகும்? 8 பார் அழுத்தத்தில் நீர் ஏறத்தாழ 175 டிகிரியில்தான் கொதிக்கும். அவ்வளவு சூடான நீரைத் தாங்கிய தொட்டி பிளந்தால், அழுத்தம் விடுபட்ட அக்கணமே நீரில் ஒரு பங்கு நீராவியாக மாறி வெடிக்கும்.

கீசர் ஆறிக் கிடக்கும்போதும் சொட்டு நிற்கவில்லையென்றால் வால்வின் உள்ளே அடைப்பு வந்து பொருந்தும் இடத்தில் மணலோ உப்புப் படிவோ சிக்கியிருக்கலாம்; அல்லது பிரஷர் பம்ப் அளவுக்கு மீறித் தள்ளலாம். கடல்நீர் ஊடுருவிய நம் பகுதி போர்வெல் தண்ணீரில் உப்புப் படிவது சாதாரணம் என்பதால், வால்வில் கைப்பிடி இருந்தால், மின்சாரத்தை நிறுத்தி, நீர் ஆறிய பிறகு, கீழே வாளி வைத்து அவ்வப்போது தூக்கிப் பாருங்கள். நீர் வரவில்லையென்றால் வால்வு இறுகிவிட்டது. மாற்றியே ஆக வேண்டும். தொட்டி துருப்பிடிக்காமல் காக்க உள்ளிருக்கும் மெக்னீசியம் தண்டையும் ஆண்டுக்கொருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.

மொட்டைமாடி டேங்கிலிருந்து வரும் நீருக்கு ஒவ்வொரு 10 மீட்டர் உயரமும் ஏறத்தாழ 1 பார் தரும். அதனால் தரைத்தளத்தில் வேகமாகக் கொட்டும் ஷவர், டேங்கிற்கு 3 மீட்டர் மட்டுமே கீழேயுள்ள மாடியில் 0.3 பாரில் மெலிந்து வழியும்; இது கீசரின் குறையன்று.

வெப்பநிலையை 60 டிகிரியில் வைத்து, வாளியில் குளிர்நீரை முதலில் பிடித்து, பிறகு சுடுநீரைக் கலப்பதே நல்லது. 60 டிகிரி நீர் சில நொடிகளிலேயே தோலைப் பொசுக்கும் என்பதால் குழந்தைகளையும் முதியவர்களையும் நேரடியாகக் குழாயடியில் விடாதீர்கள். 2,000 வாட், 15 லிட்டர் கீசருக்கு 28 டிகிரியிலிருந்து இந்தச் சூடு ஏற 17 நிமிடமளவே தேவை.

வால்வை மாற்றும்போது கீசரின் பெயர்ப்பலகையைப் பிளம்பரிடம் காட்டுங்கள். அதிலுள்ள பார் அளவைவிட உயர்ந்த வால்வைப் பொருத்த விடாதீர்கள்.