நூலிலும் திரையிலும் ஓடும் அறிவியல் புனைகதைத் தொடரைப் பற்றிக் கருத்துச் சொல்வது எப்படி?

வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் மாதம் ஒரு ஞாயிறு மாலை எட்டுப் பேர் கூடுவோம். சிலர் நூலைப் படித்துவிட்டு வருவார்கள். சிலர் திரைத்தொடரை மட்டும் பார்த்துவிட்டு வருவார்கள். பேசத் தொடங்கிப் பத்து நிமிடத்துக்குள் வாக்குவாதம் முற்றிவிடும். ரசனை வேறுபாடுதான் காரணம் என்று நெடுநாள் நினைத்திருந்தேன்; ஒரே பெயரைச் சொல்லிக்கொண்டு இருவேறு படைப்புகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம் என்பது பின்னர்தான் புரிந்தது. ஆகவே கருத்துச் சொல்ல விரும்புகிறவர், தாம் பேசப்போவது எந்த வடிவத்தைப் பற்றி, அதில் எதுவரை படித்திருக்கிறோம் அல்லது பார்த்திருக்கிறோம் என்பதை முதலில் ஒரு தாளில் குறித்துக்கொள்ள வேண்டும்.

இது அற்பமாகத் தோன்றலாம். ஆனால் 'தி எக்ஸ்பான்ஸ்' கதை அரைகுறையாக முடிந்துவிட்டது என்று குறைப்படுகிறவர், 2015 முதல் 2022 வரை வந்த ஆறு சீசன்களை மட்டுமே மனத்தில் வைத்திருப்பார். நாவல்கள் மொத்தம் ஒன்பது; திரைத்தொடர் ஏறத்தாழ ஆறாவது நாவலோடு நின்றுவிட்டது. குறை உண்மைதான், ஆனால் அதைத் திரைக்கணக்கில் எழுத வேண்டும், எழுத்தாளர் கணக்கில் எழுதக்கூடாது.

அடுத்து, நூல்தான் மூலம், திரை அதன் நகல் என்ற முன்முடிவை ஒதுக்கிவைக்க வேண்டும். '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி' படமும் நாவலும் ஒரே காலத்தில், ஒன்றையொன்று பார்த்தபடி உருவாகி 1968இல் வெளிவந்தவை. நாவலில் விண்கலம் சனிக்கோள் வரை போகிறது. படத்தில் வியாழனோடு பயணம் முடிகிறது. 1982இல் ஆர்தர் சி. கிளார்க் அடுத்த பாகத்தை எழுதியபோது தம் நாவலை விட்டுவிட்டுப் படத்தின் வியாழனையே பிடித்துக்கொண்டார். எழுதியவரே திரையின் வழியில் நடந்திருக்க, நூலிலிருந்து விலகிவிட்டார்கள் என்ற ஒற்றை வரியை விமர்சனம் என்று சொல்ல முடியாது.

வரிசை பற்றியும் ஒரு சொல். அசிமோவின் 'பவுண்டேஷன்' நூல்களை வெளிவந்த வரிசையில் படிப்பதே நல்லது என்பது என் எண்ணம். முதல் மூன்றும் 1951 முதல் 1953 வரை வந்தவை. கதையின் முற்காலத்தைச் சொல்லும் நூல் 1988இல்தான் வந்தது. அதை முதலில் எடுத்தால், முன்னவற்றைப் படித்தவருக்காக வைக்கப்பட்ட வியப்புகள் வீணாகும். 2021இல் தொடங்கிய திரைத்தொடரில் வரும், ஒரே மனிதரிலிருந்து நகலெடுக்கப்பட்ட (குளோன்) பேரரசர்கள் நூலில் இல்லாதவர்கள்; என்றாலும் அந்தத் தொடரில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அவர்களுடையதுதான். தலைமுறைதோறும் மாந்தர்கள் மாறிவிடும் கதையில், பார்ப்பவர் பிடித்துக்கொள்ள ஒரு முகம் வேண்டும் என்ற தேவையை அந்தக் கற்பனை தீர்த்துவைக்கிறது. சேர்க்கப்பட்டது எது என்று கண்டுபிடிப்பதோடு நிற்காமல், அது எந்தச் சிக்கலைத் தீர்க்கச் சேர்க்கப்பட்டது என்று கேட்க வேண்டும்.

இனி அறிவியலுக்கு வருவோம். என் அளவுகோல் எளிது: ஒரு கதைக்கு ஒரு பொய்யை அனுமதிக்கலாம். அந்தப் பொய்யை அது தொடக்கத்திலேயே சொல்லிவிட்டதா, நெருக்கடி வரும்போதெல்லாம் புதுப்பொய் சொல்லித் தப்பிக்கிறதா என்பதைத்தான் எண்ண வேண்டும். லியூ சிசினின் 'திரீ பாடி பிராப்ளம்' நாவலை எடுத்துக்கொள்வோம். சீனத்தில் 2008இல் நூலான இக்கதையை 2023இல் சீனத் தொடர் 30 எபிசோடுகளில் முதல் நாவலளவுக்கு விரித்தது. 2024இல் நெட்பிளிக்ஸ் 8 எபிசோடுகளில் மூன்று நாவல்களின் பகுதிகளையும் கலந்து, களத்தைப் பெரிதும் இங்கிலாந்துக்கு மாற்றியது. வேற்றுலகத்தார் வருவது ஆல்பா சென்டாரி என்னும் விண்மீனிலிருந்து. அது 4 ஒளியாண்டுக்குச் சற்று அதிகமான தொலைவு. அவர்களின் கலங்கள் வந்துசேர ஏறத்தாழ 400 ஆண்டுகள் ஆகும். கதையின் அச்சம் முழுவதும் இந்தக் காத்திருப்பில்தான் இருக்கிறது, அதை எந்த வடிவமும் கைவிடவில்லை. பின்னிப்பிணைந்த துகள்களை, அதாவது எவ்வளவு விலகியிருந்தாலும் ஒன்றன் நிலை மற்றதன் நிலையோடு கட்டுண்ட நுண்துகள்களைக் கொண்டு, உடனுக்குடன் செய்தி அனுப்புவதுதான் கதை கேட்கும் பொய். இன்றைய இயற்பியல் அதை ஏற்பதில்லை. ஆனால் அந்தப் பொய்யின் விளைவுகளைக் கதை கடைசிவரை சுமக்கிறது என்பதால் நான் மன்னித்துவிடுகிறேன்.

இதைச் சொல்லும்போது எங்களுக்கு ஒரு சிறு பெருமை உண்டு. அந்த விண்மீன் பெய்ஜிங்கிலிருந்தோ லண்டனிலிருந்தோ ஒருபோதும் தெரியாது. அடிவானத்துக்கு மேலே எழுவதே இல்லை. நம் வட ஆற்காட்டில் தெரியும். மே மாத இரவில் பத்து, பதினொரு மணியளவில் தெற்கே தாழ்வாக மினுக்கும். தென்வானத்தையும் பார்க்கலாம் என்பதுதான் ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகம் அமையக் காரணங்களுள் ஒன்று, 2.34 மீட்டர் தொலைநோக்கி இருக்கும் அவ்வூர் இன்று திருப்பத்தூர் மாவட்டத்தில் சேர்ந்துவிட்டது. கதை சொல்லும் தொலைவை ஒருமுறை வானத்திலேயே பார்த்துவிட்டு எழுதினால், கருத்தில் தானாகவே ஒரு நிதானம் வந்துவிடும்.

தமிழில் என்றால் சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வை இதே முறையில் அணுகலாம். வார இதழில் தொடராக வந்த கதை என்பதை மறந்துவிட்டு ஒரே மூச்சில் படித்தால், அத்தியாயம்தோறும் வரும் திடீர்த் திருப்பம் சலிப்பூட்டும். வாரம் ஒரு அத்தியாயம் என்று படித்தால் அதே திருப்பத்துக்காக மனம் ஏங்கும். தூர்தர்ஷனில் வந்த அதன் தொலைக்காட்சி வடிவத்தை இன்றைய கிராபிக்ஸோடு ஒப்பிடுவது நியாயமாகாது. ஜீனோ என்ற இயந்திர நாயின் பேச்சில் இருந்த குறும்பு திரையில் தங்கியதா என்று மட்டும் பார்த்தால் போதும்.

எழுதும்போது குறை, நிறை எதுவாயினும் அதற்குரிய காட்சியையோ அத்தியாயத்தையோ சுட்ட வேண்டும். நடிகர் தேர்வு பற்றி இரண்டு வரி போதும். முடிவை வெளிப்படுத்தப் போகிறோம் என்றால் முன்கூட்டியே எச்சரித்துவிட வேண்டும். முடிவை உளறிவிட்டவர் அடுத்த கூட்டத்துக்கு ஆற்காட்டிலிருந்து மக்கன் பேடா வாங்கி வர வேண்டும் என்பது எங்கள் மாடியின் விதி. நானே இருமுறை வாங்கியிருக்கிறேன்.