க்யூகவ்2 வட்டு இழுத்தபோது செய்தது

நாகர்கோவிலில் ஒரு ஜவுளிக்கடையின் கணக்கு சர்வர், க்யூஎம்யூ என்ற மெய்நிகர் கணினி மென்பொருளில், 1 டெராபைட் க்யூகவ்2 வட்டில் (ஒரு கோப்பாகவே இருக்கும் மெய்நிகர் வட்டு) ஓடுகிறது. வட்டு நிரம்ப நிரம்ப, பழைய பில்லைத் தேடினாலே இழுத்தது. ஹார்டிஸ்கில் கோளாறில்லை. சரி, மெட்டாடேட்டாவை, அதாவது எந்தத் தரவு எங்கே இருக்கிறது என்று குறித்து வைக்கும் அட்டவணையைப் பார்ப்போம் என்று காலி இமேஜ் (வட்டுக் கோப்பு) ஒன்றில் அங்கொன்றும் இங்கொன்றுமாக எழுதிப் பார்த்தேன். சில பைட்டுக்கே 64 கிலோபைட் கிளஸ்டர் (இடம் ஒதுக்கும் துண்டு) ஒன்று போனது. 512 மெகாபைட் தள்ளி எழுதினால் அட்டவணைக்கும் இன்னொன்று. கிளஸ்டருக்கு 8 பைட் வீதம், 1 டெராபைட் நிறைந்தால் அட்டவணை மட்டும் 128 மெகாபைட். லினக்ஸில் க்யூஎம்யூ தானாக வைக்கும் கேஷோ (அட்டவணையை நினைவகத்தில் வைக்கும் இடம்) 32 மெகாபைட், கால்வாசிக்குத்தான் காணும். மீதியை வட்டிலிருந்து படிக்க வேண்டியிருந்ததால்தான் இழுத்தது.

இரவு கடையடைத்த பிறகு சர்வரை நிறுத்தி, 2 மெகாபைட் கிளஸ்டரோடு இமேஜை மாற்றி எழுதினேன். அட்டவணை 4 மெகாபைட்டில் அடங்கியது; பில் சட்டென்று வருகிறது. ஸ்னாப்ஷாட் (வட்டின் அந்த நேர நிலையின் பதிவு) நிறைய எடுப்பவர்கள் இதைச் செய்ய வேண்டாம். சின்ன மாற்றத்துக்கும் 2 மெகாபைட் நகலெடுக்கும். அவர்களுக்குக் கேஷைக் கூட்டுவதே நல்லது.