தெலுக் இந்தானில் சின்ன ஹோட்டலில் தங்குவது எப்படி?

முன்பெல்லாம் மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள தெலுக் இந்தானில் ஒரு கல்யாணம் என்றால் எங்கே தங்குவது என்று யாரும் யோசித்ததில்லை. சுற்றிலும் எஸ்டேட் தோட்டங்கள்தாமே, ஏதோ ஒன்றில் அத்தையோ சித்தப்பாவோ இருப்பார். போனதும் பாயை விரித்துக் கொடுப்பார்கள். இப்போது அந்த அத்தைகள் பலர் பிள்ளைகளோடு கிள்ளானுக்கும் ஜொகூருக்கும் போய்விட்டார்கள். காசு கொடுத்து அறை எடுத்துப் பழகாதவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

1. முதலில் தெரு, அப்புறம் அறை

கைப்பேசி வரைபடத்தில் சாய்ந்த கோபுரத்தைத் தேடுங்கள். 1885-இல் கட்டியது, 25.5 மீட்டர் உயரம். ஊருக்குத் தண்ணீர் தேக்கி வைத்த கோபுரம் அது; மேலே தண்ணீரின் பாரம், கீழே இளகிய மண், சாய்ந்துவிட்டது. பழைய கடைவீதிகள் அதைச் சுற்றித்தான் இருக்கின்றன. அங்கிருந்து பத்து நிமிட நடைக்குள் இருக்கும் ஹோட்டல்களை மட்டும் பாருங்கள். ஊருக்கு வெளியே பெரிய சாலையோரம் புதுக் கட்டடமும் பளபளப்பான படங்களும் இருக்கும். ஆனால் ஒரு தே தாரிக் குடிக்கவும் கார் எடுக்க வேண்டும். எனக்கு அது சரிப்படாது.

நட்சத்திரம் இல்லையே என்று தயங்காதீர்கள். நட்சத்திரத் தகுதிக்குள் வராத சிறிய ஹோட்டல்களுக்குச் சுற்றுலா அமைச்சு ஆர்க்கிட் தரம் கொடுக்கிறது. மூன்று ஆர்க்கிட்தான் அதில் உச்சம்.

2. போன் போட்டுக் கேளுங்கள்

மூன்று கேள்வி போதும். சொன்ன விலையில் வரி சேர்ந்திருக்கிறதா? (2024 மார்ச் முதல் சேவை வரி 8 விழுக்காடு.) லிஃப்ட் உண்டா? கடைவீட்டு மாடியில் நடக்கும் ஹோட்டல் என்றால் பாட்டியை அழைத்துப்போகுமுன் இதைக் கேட்டே ஆகவேண்டும். அறைக்கு ஜன்னல் உண்டா?

சித்ரா பௌர்ணமிக்கு வருகிறீர்களா? அப்படியானால் தேதி தெரிந்த அன்றே பதிவு செய்யுங்கள். நகரத்தார் தண்டாயுதபாணி கோயில் திருவிழா நேரத்தில் ஊரில் அறை கிடைப்பது குதிரைக்கொம்பு.

3. கவுண்டரில்

உங்கள் அடையாள அட்டையான மைகார்டைக் காட்டுங்கள். சிங்கப்பூரிலிருந்தோ தமிழ்நாட்டிலிருந்தோ கூட வரும் உறவினருக்குக் கடப்பிதழ் (பாஸ்போர்ட்) வேண்டும். வெளிநாட்டவர் என்றால் ஓர் அறைக்கு ஓர் இரவுக்குப் பத்து வெள்ளி (ரிங்கிட்) சுற்றுலா வரியும் உண்டு. டெபாசிட் கேட்டால் கொடுங்கள், ரசீதை மட்டும் விடாதீர்கள்.

4. பையை வைக்குமுன் அறையைப் பாருங்கள்

இதில் மட்டும் அவசரம் வேண்டாம். பையைக் கட்டிலில் போடாமல் குளியலறைத் தரையில் வையுங்கள். படுக்கை விரிப்பின் மூலையைத் தூக்கி, மெத்தையின் தையல் ஓரமாகக் கைப்பேசி வெளிச்சத்தை அடித்துப் பாருங்கள். மிளகைப் பொடித்துத் தூவியதுபோல் கருப்புப் புள்ளிகள் தெரிந்தால் அது மூட்டைப்பூச்சியின் அடையாளம். வேறு அறை கேளுங்கள், கூச்சப்பட ஒன்றுமில்லை. அப்புறம் ஏர்கோனைப் போட்டு ஐந்து நிமிடம் விடுங்கள். ஈரத்துணி வாடை வந்தால் இரவு முழுக்க அதே வாடைதான். சுடுநீர் வரவில்லையா? அதன் சுவிட்ச் பெரும்பாலும் குளியலறைக்கு வெளியே இருக்கும்.

கதவருகே உள்ள பொந்தில் சாவி அட்டையைச் செருகினால்தான் மின்சாரம் வரும். எடுத்துக்கொண்டு வெளியே போனால் சார்ஜில் போட்ட கைப்பேசியும் நின்றுவிடும். கூரையில் ஒட்டியிருக்கும் அம்பு முஸ்லிம்கள் தொழும் திசையைக் காட்டுவது. டுரியானுக்கு அநேகமாக எங்குமே தடை, வாடைதான் காரணம். மங்குஸ்தானுக்கும் பல இடங்களில் தடை, அதன் தோல் சாயம் வெள்ளை விரிப்பை விட்டுப் போகாது.

5. நடை

வெயிலோ மழையோ, கடைகளின் முன்னால் போகும் ஐந்தடி நடைபாதை குடையாக இருக்கும். ஆனால் ஒவ்வொரு கடைக்காரரும் தம் இஷ்டத்துக்குத் தரை போட்டிருப்பார். ஒரு கடைக்கு ஒரு படி ஏற்றம், அடுத்ததற்கு அரைப்படி இறக்கம், நடுவில் ஒரு மோட்டார் சைக்கிள். கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே நடக்காதீர்கள். இரவில் கடைகள் கதவை இழுத்துவிட்டால் தெரு இருண்டுவிடும், நேரத்தோடு சாப்பிட்டுவிடுங்கள். காலையில் சந்தைப் பக்கம் போய்ப் பசியாறலாம்.

6. கிளம்பும்போது

பெரும்பாலும் பகல் பன்னிரண்டு மணிக்குள் அறையைக் காலி செய்ய வேண்டும். சாவியைக் கொடுத்து டெபாசிட்டை வாங்கிக்கொள்ளுங்கள். கல்யாண விருந்து பாக்கியிருந்தால் பைகளைக் கவுண்டரில் வைக்கலாமா என்று கேளுங்கள், சின்ன ஹோட்டல்களில் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். ஊருக்குள் இப்போது ரயில் இல்லை. தாப்பா ரோடு ரயில் நிலையத்தில் ரயில் பிடிப்பவர்கள் வாடகைக் காருக்கு முதல் நாளே கவுண்டரில் சொல்லி வையுங்கள்.