மார்பக கேன்சர்: பயாப்ஸி ரிப்போர்ட்ட எப்படி படிக்கிறது

குடியாத்தம், ஆம்பூர், ஆரணி பக்கத்துல இருந்து வேலூருக்கு வர்றவங்க பயாப்ஸி ரிப்போர்ட் கைக்கு வந்ததும் நேரா கடைசி வரிக்குப் போயிடறாங்க, கேன்சரா இல்லையான்னு பாத்துட்டு மடிச்சு மஞ்சப்பைல வெச்சுக்கினு கிளம்பிடறாங்க. டாக்டர் ஏன் இந்த மருந்து எழுதுறாருன்னு அந்த பேப்பர்லயே இருக்குங்க, உக்காந்து படிங்க. ஒரு பென்சில் எடுத்துக்கங்க. கேன்சர் செல்லைப் பத்தி வர்றதுக்குக் கீழ கோடு போடுங்க, செல்லைச் சுத்தி இருக்கற திசுவைப் பத்தி வர்றதை வட்டம் போடுங்க.

ஏன் ரெண்டா பிரிக்கணும்னா, 1889லயே ஸ்டீபன் பேஜட்னு ஒரு லண்டன் சர்ஜன், இந்த கேன்சர் கண்ட எடத்துக்கும் பரவுறதில்ல, சில உறுப்புலதான் போய் ஒட்டுது, கேன்சர் செல்லுங்கற விதை மட்டும் பத்தாது, அது விழற திசுங்கற மண்ணும் ஒத்துக்கணும்னு எழுதிட்டாரு. இலவம்பாடி முள்ளு கத்திரிக்கா விதைய வேற ஊர் மண்ணுல போட்டா அந்த ருசி வருமா, அதே கதைதான்.

முதல்ல கோடு போட்டது. கிரேடுன்னு இருக்கும். செல்லுங்க குழாய் மாதிரி ஒழுங்கா அடுக்கி இருக்கா, நியூக்ளியஸ் எவ்ளோ கோணலா கீது, எவ்ளோ வேகமா பிரியுதுன்னு மூணுக்கும் தனித்தனியா 1ல இருந்து 3 வரைக்கும் மார்க். கூட்டுனா 5 வரைக்கும் கிரேடு 1, 6, 7னா 2, 8, 9னா 3. கிரேடு 3ன்னு பாத்துட்டு மூணாவது ஸ்டேஜுன்னு நெனச்சு வீடே அழுவும், அது வேற இது வேற. கிரேடு செல்லோட லட்சணம், ஸ்டேஜ் கட்டி எவ்ளோ பெருசு, எவ்ளோ தூரம் பரவிச்சுங்கறது.

அடுத்து ஈஆர், பிஆர், அதாவது ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன்னு ரெண்டு பெண் ஹார்மோனைப் பிடிக்கற ரிசெப்டருங்க. 1 சதவீத செல்லுல இருந்தாலே பாசிட்டிவ்தான், ஆனா 80, 90னு இருந்தா ஹார்மோன் மாத்திரை நல்லா கேக்கும். ஹெர்2 ஒரு ஜீன், அது அளவுக்கு மீறி காப்பி ஆயிட்டா செல்லு சும்மா இருக்காது, வளந்துகினே இருக்கும். அந்த ஜீனோட புரோட்டீன் செல்லு மேல எவ்ளோ இருக்குன்னு மார்க் போடுவாங்க, 0, 1 ப்ளஸ் நெகட்டிவ், 3 ப்ளஸ் பாசிட்டிவ், 2 ப்ளஸ்னா ரெண்டும் இல்ல, ஃபிஷ் டெஸ்ட் பண்ணி ஜீன் காப்பிய எண்ணணும், அது வர்றவரைக்கும் யார் என்ன சொன்னாலும் முடிவு பண்ணாதீங்க. 1998ல அமெரிக்கால அனுமதி கெடச்ச டிராஸ்டுசுமாப் ஊசி இந்த ஹெர்2வைப் பிடிக்கறதுக்குத்தான். கேஐ67னா எவ்ளோ செல்லு பிரிஞ்சுகினு இருக்குங்கற சதவீதம், அது லேபுக்கு லேபு மாறும், அதை மட்டும் பாத்து பயப்படாதீங்க.

இப்போ வட்டம், யாரும் கண்டுக்காத பக்கம் இதுதான். 'இன் சைட்டு'ன்னா பால் குழாயைச் சுத்தி இருக்கற மெல்லிசு சவ்வு இன்னும் கிழியல, 'இன்வேசிவ்'னா தாண்டி வெளிய வந்துடுச்சு. 'டெஸ்மோபிளாஸ்டிக் ஸ்ட்ரோமா'ன்னா சுத்துப்பட்டு செல்லுங்க நார் நாரா கொலாஜனைக் கொட்டி எடத்தை கெட்டி ஆக்கிடுச்சுன்னு அர்த்தம், கட்டி தொட்டா கல்லு மாதிரி இருக்கறதுக்கு அதுவும் ஒரு காரணம், அந்த கெட்டித்தனமே கேன்சர் செல்லை முன்னால தள்ளும். 'டில்ஸ்'னா உள்ள வந்து நிக்கற நோய் எதிர்ப்பு செல்லுங்க, ஈஆர், பிஆர், ஹெர்2 மூணுமே நெகட்டிவா இருக்கற டிரிபிள் நெகட்டிவ்ல இது நெறய இருந்தா நல்ல சேதி. எல்விஐ பாசிட்டிவ்னா ரத்தக்குழாய், நிணநீர்க்குழாய்க்குள்ள செல்லு தெரியுது, அக்குள் நெறிக்கட்டி ரிசல்ட்டையும் சேத்துப் பாக்கணும்.

மாதவிடாய் நின்னவங்களுக்கு கொழுப்புத் திசுவே ஈஸ்ட்ரோஜன் தயார் பண்ணும், ஈஆர் பாசிட்டிவ் செல்லுக்கு அதான் தீனி. லெட்ரோசோல் மாத்திரை அடிக்கறது அந்த தயாரிப்பைத்தான். ஒரே மாத்திரைல கோடும் வட்டமும் சேருதா!

பிஆர்சிஏ பத்தி ஒரு வார்த்தை, அதுல மாற்றம் இருந்தா மார்பக கேன்சர் பரம்பரையா வரக்கூடிய ஜீனுங்க அது. கட்டிக்குள்ள ஜீன் மாறுனதெல்லாம் புள்ளைங்களுக்குப் போவாது, பரம்பரையா வர்றது 100ல 5, 10 பேருக்குத்தான். சின்ன வயசுல வந்திருந்தா, டிரிபிள் நெகட்டிவ்னா, குடும்பத்துல கருப்பை பக்கத்து ஓவரி கேன்சர் இருந்தா டெஸ்ட் பத்திக் கேளுங்க. அம்மா வழி மட்டும் சொல்லிட்டு வந்துடாதீங்க, அப்பா வழி அத்தை, பாட்டியையும் சொல்லுங்க, அப்பாவுக்கு அந்த மாற்றம் இருந்தா அவர் கிட்ட இருந்தும் வர்றதுக்கு பாதிக்குப் பாதி வாய்ப்பு.

வேற எடத்துல இன்னொரு டாக்டரைப் பாக்கப் போனா ரிப்போர்ட் மட்டும் பத்தாது, ஸ்லைடும், திசுவை மெழுகுல பதிச்சு வெச்ச பாரஃபின் பிளாக்கும் கேட்டு வாங்கிக்கங்க. மறுபடியும் ஊசி குத்தாம அந்த பிளாக்குல இருந்தே சீவி டெஸ்ட் பண்ணலாம். அது மெழுகுங்க, நம்ம ஊர் மே மாச வெயில்ல பைக் டேங்க் கவர்ல வெச்சுக்கினு சுத்தாதீங்க.